கிரீம் வாளியில் ஐந்து குதிரைகள்

அத்தியாயம் பதினேழு

போன செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் நடுவில், கேக் கிரீம் வந்த ஒரு காலி வாளியை வைத்து நான் ஐந்து குதிரைகளைப் பிடித்தேன். பிடித்த ஐந்தையும் என் மாப்பிள்ளையின் காருக்குள் கட்டினேன். சட்டையில் ஒரு கறை படவில்லை. நடுவில் ஒரு டீ கூடக் குடித்தேன்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் சொந்த மகளே சிரித்தாள். நான் எதைச் சொன்னாலும் பாதிக்குமேல் தள்ளுபடி செய்துவிட்டு மிச்சத்தைச் சந்தேகப்படுவது அவள் வழக்கம்.

சென்ற வாரம் இந்தக் குடும்பத்தைச் சாப்பாட்டு மேசையில், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி விட்டுவிட்டுப் போனேன். புதிதாக வந்து உட்காருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடமாக ஒரே கம்பெனி. உலகத்தில் பாதி லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. (மகளின் திருத்தம்: முப்பத்தாறு லிஃப்ட்.) இப்படிப்பட்ட மனிதர் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கூம்பிடம் மனதைப் பறிகொடுத்தார்.

எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில், தூசியை வடிகட்ட, கார்க் கம்பெனியே ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பெட்டியே இல்லாமல் திறந்தபடி நிற்கும் கூம்பு வடிகட்டி ஒன்றை மாட்டினார். விற்றவரை நாங்கள் கூம்பார் என்றே அழைக்கிறோம். "இனிமே உங்க கார் வாய் நிறைய மூச்சு விடும்" என்று சொல்லிவிட்டு, பழைய பெட்டியையும் கூம்பார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் மகளுக்கு வாகனப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தரையில் பதித்த உருளைகள்மேல் காரை நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரத்தை ஓடவிட்டு, எத்தனை குதிரைசக்தி, எங்கள் பேச்சில் எத்தனை குதிரை, இழுக்கிறது என்று அளந்து சீட்டுக் கொடுப்பாள். பழைய பெட்டியோடு அறுபத்து மூன்று. கூம்போடு அறுபத்தேழு. நான்கு குதிரை லாபம் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். கூம்பாரோடு கூட்டுச் சேர்ந்து கடை திறக்கப் போகிறாராம். மனசு மாறினால் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. நான்கு அடித்தால் அந்த நாற்காலி வேறு ஒருவருக்கு.

செவ்வாய்க்கிழமை விடிந்தது.

என் மனைவி கேக் செய்பவள். காலை ஒன்பதுக்கு மேட்டுத் தெரு உச்சியிலிருக்கும் கடைக்கு ஒரு மூன்றடுக்குக் கேக் போக வேண்டும். மாப்பிள்ளை காரை எடுத்தார், நான் பக்கத்தில், மனைவி மடியில் கேக்கோடு பின்னால். மேட்டின் அடியில் எட்டு நிமிடம் நெரிசலில் நின்றோம். பிறகு ஏற ஆரம்பித்தோம்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம்! தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது, மூன்று ஜன்னல் மூடியது. வேகம்தான் வரவில்லை. ஒரு நாய் எங்களை முந்தியது. முந்திப் போன நாய் நின்று, திரும்பி, "என்ன ஆச்சு?" என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது.

"மாப்ளே, சத்தம் பிரமாதம்" என்றேன்.

"புலி மாதிரி இருக்குல்ல மாமா?"

"புலியேதான். மேட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துக்கிட்ட புலி."

"மூணு பேர் இருக்கோம். கேக்கு வேற. வெயிட்டு மாமா."

பின்னாலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "போன வருஷம் இதே மூணு பேர், இதைவிடப் பெரிய கேக்கு. அப்ப நாய் முந்தலையே!"

கடை வாசலில் இறங்கியதும் நான் பானெட்டைத் திறந்து கூம்பைத் தொட்டேன். தொட்ட விரலை உடனே வாயில் வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முப்பத்தாறு வருடம் கட்டடங்களுக்குள் காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய் மாட்டியவன். காற்றோடு எனக்கு இருக்கும் நெருக்கம் காற்றுக்கே கிடையாது. அப்படிப்பட்ட நானே ஒரு முறை, ஓர் அலுவலகத்துக்குக் காற்றை இழுக்கும் வாயை, கீழ்த்தளச் சமையலறையின் புகை வெளியேறும் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். இருநூறு குமாஸ்தாக்கள் ஒரு கோடைகாலம் முழுக்க வியர்த்துக்கொண்டே வெங்காயம் வதங்கும் வாசனையில் கோப்பு பார்த்தார்கள். விசிறியை மாற்றினார்கள், மோட்டாரை மாற்றினார்கள், மேலதிகாரியையே மாற்றினார்கள். கடைசியில் என் குழாயின் வாயை நான்கடி தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. எவ்வளவு காற்று என்பதைவிட எங்கிருந்து காற்று என்பதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மனைவியின் பையில் ரொட்டிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தது, நீளமான ஒயரோடு. அதன் ஊசியைக் கூம்புக்குப் பக்கத்தில் கட்டி, ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, திரையை அவள் கையில் கொடுத்தேன். கீழே இறங்கி, நெரிசலில் நின்று, மறுபடி மேடு ஏறினோம்.

"வெளியில முப்பத்தொண்ணு" என்று படித்தாள் மனைவி. "கூம்புகிட்ட... அம்பது... அம்பத்தெட்டு... அறுபத்தி நாலு! ஏங்க, இந்தச் சூட்டுல என் ஈஸ்ட்டே செத்துப் போயிடும்."

"மாப்ளே, கேட்டீங்களா? சூடான காத்து விரிஞ்சு கிடக்கும். எஞ்சின் ஒரு மூச்சுக்கு இழுக்கற அளவு அதேதான், உள்ள சரக்கு மட்டும் கம்மி. காத்து கம்மியானா காரோட கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கம்மி பண்ணிடும். அப்புறம் எதை வெச்சு இழுக்கும்?"

மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்தார். நல்ல மனிதர். யோசிக்கும்போது அவர் கை தானாகவே மேல்மாடிப் பொத்தானைத் தேடும். "அப்ப மைலேஜாவது கூடியிருக்கணுமே?"

"கூடுச்சா?"

"அதேதான் இருக்கு" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில்.

"அப்படித்தான் இருக்கும். சாதாரணமா ஓட்டும்போது நீங்க பெடலைக் கொஞ்சமாத்தானே மிதிக்கறீங்க? உள்கதவைப் பாதி சாத்தி வெச்சுட்டு, வாசல்கதவை மட்டும் அகலமாக்கினா வீட்டுக்குள்ள கூட்டம் கூடுமா?"

"ஆனா சீட்டுல அறுபத்தேழுன்னு வந்துச்சே மாமா. அது உங்க பொண்ணு போட்ட சீட்டு."

அங்கேதான் விஷயம் கெட்டியாக நின்றது. மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அவர் வேலையை விடறது எனக்கும் பிடிக்கல" என்றாள். "ஆனா எனக்குப் பிடிக்கலங்கறதுக்காக என் மெஷின் பொய் சொல்லுதுன்னு சொல்ல முடியுமா? நானே அளந்தேன். நானே கையெழுத்துப் போட்டேன்."

"மெஷின் பொய் சொல்லலம்மா. நீ அதுகிட்ட வேற கேள்வி கேட்டிருக்க. உன் சாப்பாட்டு நேரத்துல ரெண்டு ஓட்டம் குடு. அந்தக் கார் குதிரைகளைத் தொலைச்சிருக்கு. ஒரு கிரீம் வாளியை வெச்சு நான் திரும்பப் பிடிச்சுத் தரேன்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். போனிலேயே பக்கத்து மேசைக்காரர்களிடமும் சொல்லி, அவர்களும் சிரித்தார்கள். "வாங்க, வாங்க. மூணு வாளி கொண்டு வாங்க, விமானம் பண்ணிடலாம்" என்றாள்.

பன்னிரண்டரை. பரிசோதனைக் கொட்டகை. தரையில் நான்கு இரும்பு உருளைகள், காரை இழுத்துக் கட்டும் பட்டைகள், எதிரே ஆளுயர மஞ்சள் விசிறி. சுவரில் ஒரு பலகை: பட்டையை இறுக்கவும், பானெட்டைத் திறக்கவும், விசிறியைப் போடவும். என் மகள் நீல உடையில், காதை மூடிக்கொண்டு, தன் ராஜ்யத்தில் நின்றாள். பானெட்டைத் திறக்கக் கையை நீட்டினாள்.

"திறக்காதேம்மா."

"அப்பா, போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"படிச்சேன். ரோட்டுல போறவங்க பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டா போறாங்க?"

அவள் கை நின்றது. பதினான்கு வருடமாக அவள் பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே புயல் மாதிரி விசிறியைப் போட்டு அளக்கிறாள். எஞ்சின் கொதிக்காமலிருக்க அந்த விதி. நல்ல விதிதான். பழைய பெட்டிக்கு அதனால் ஒரு வித்தியாசமும் வராது. அது தன் மூக்கை ஹெட்லைட்டுக்குப் பின்னால் நீட்டி வெளிக்காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. திறந்து கிடக்கும் கூம்புக்கோ அந்த விசிறி ஒரு மலைவாசஸ்தலம். சீட்டில் வெப்பநிலை என்று ஒரு கட்டம் இருந்தது, கொட்டகையின் வெப்பநிலைக்காக. பானெட்டுக்குள் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

"எஞ்சின் சூடு ஏறினா உடனே நிறுத்திடுவேன்" என்றாள்.

"நிறுத்து."

பானெட்டை மூடி, நெரிசலில் நிற்பதுபோல் பத்து நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பிறகு முழுசாக மிதித்தாள். கொட்டகைக் கூரை இரண்டடி எழும்பி உட்கார்ந்தது. திரையில் எண் வந்தது.

ஐம்பத்தொன்பது.

மாப்பிள்ளை அந்த எண்ணைப் பார்த்த பார்வை, லிஃப்ட் வந்துவிட்டது என்று காலை வைத்தவர் பள்ளத்தைப் பார்க்கும் பார்வை.

"டயர் வழுக்கியிருக்கும்" என்றாள் மகள். பட்டையை இறுக்கி மறுபடி ஓட்டினாள். ஐம்பத்தொன்பது. பானெட்டைத் திறந்து, விசிறியைப் போட்டு ஓட்டினாள். அறுபத்தேழு. என்னைத் திரும்பிப் பார்க்காமல், "இதை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. வாளி எங்கே?" என்றாள்.

வாளிக்காகத்தானே நான் பிறந்ததே! அடிப்பாகத்தை வெட்டி, கூம்பு உள்ளே உட்காரும்படி பக்கத்தில் ஒரு வாய் திறந்தேன். மனைவி கேக் தட்டுக்குப் போடும் அலுமினியத் தாளை வெளியே இரண்டு சுற்றுச் சுற்றினாள். மூடியை மூடினோம். அடியில், என் பழைய சரக்கிலிருந்து எடுத்துவந்த, நெளிநெளியான தகரக் குழாயில் ஒரு முழம் மாட்டி, அதன் வாயை ஹெட்லைட்டுக்குப் பின்னால், பழைய பெட்டியின் மூக்கு இருந்த அதே ஓட்டைக்குக் கொண்டுபோனேன்.

"பிளாஸ்டிக்கை எக்ஸாஸ்ட் பக்கம் விடாதீங்க, உருகிடும்" என்றாள் மகள். குனிந்து, தானே ஒரு கிளிப்பையும் இறுக்கினாள். நம்பாதவள்தான், ஆனால் வேலை கோணலாக இருந்தால் பொறுக்காதவள்.

டீ வந்தது. குடித்தேன். பானெட்டை மூடினோம். அதே பத்து நிமிடம்.

"முப்பத்தி ஆறு" என்று வெப்பமானியைப் படித்தாள் மனைவி.

உருளைகள் உறுமின. அறுபத்து நான்கு.

நான் கொஞ்சம் ஆடினேன் என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகமில்லை.

"ஒரு ஓட்டம் ஓட்டமே இல்ல" என்று மகள் மறுபடி ஓட்டினாள். அறுபத்து நான்கு. மூன்றாவது முறையும் அதே அறுபத்து நான்கு. பிறகு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போய், குழாயைப் பிடுங்கி, வாளியையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினாள். ஐம்பத்தொன்பது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஓட்டினாள். அறுபத்து நான்கு. அவள் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே கிடந்தது.

"அஞ்சு குதிரை!" என்றேன். "அதுவும் கார்க் கம்பெனியோட பெட்டியைவிட ஒரு குதிரை கூட. பெரிய பெரிய இன்ஜினியரை எல்லாம் உங்கப்பன் ஒரு வாளியால ஜெயிச்சுட்டான்!"

"ஒரு குதிரை வித்தியாசம் இந்த மெஷினோட தடுமாற்றத்துக்குள்ள அடங்கிடும்பா. ஜெயிக்கல. சமம்."

மாப்பிள்ளை ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். "அப்ப, கூம்பு மோசமா மாமா?"

"கூம்புமேல தப்பில்ல மாப்ளே. குளிர்ந்த காத்து குடுத்தா அதுவும் வேலை செய்யும். ஆனா அந்த வேலையைத்தான் உங்க பழைய பெட்டி சத்தம் போடாம செஞ்சுக்கிட்டிருந்துச்சு."

அரைமணி நேரம் அவர் பானெட்டைத் திறந்து மூடி, வாளியையும் கூம்பையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னை நம்பி வாங்கறவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் நாலு குதிரை தரேன்னு சொல்லி, நாலு குதிரையைத் திருடியிருப்பேன் இல்ல?" என்றார். கொட்டகைக்கு வெளியே போய்த் தன் கம்பெனிக்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது முகம் ஒரு தினுசாக இருந்தது.

"கடிதத்தை மேனேஜர் கையிலதான் திருப்பி வாங்கணுமாம்."

"போய் வாங்குங்க!" என்றாள் மகள்.

"அவர் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருக்காராம். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல. ரெண்டரை மணியிலேருந்து. திறக்கத் தெரிஞ்ச ஆள் ராஜினாமா பண்ணிட்டானாம்."

என் வாசகர்களே, நான் மிகைப்படுத்துபவன்தான். ஆனால் இதில் நான் ஒரு மாடியைக்கூடக் கூட்டவில்லை.

மணி மூன்றேகால். கம்பெனி மேட்டுத் தெருவைத் தாண்டி. "வாளியோடவே போங்க, பானெட்டை நல்லா அழுத்தி மூடுங்க" என்றேன். மனைவி வெப்பமானியோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். "அந்த நாய்க்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கு" என்றாள். கார் போய்விட்டது.

அது போன ஐந்தாவது நிமிடம் கூம்பார் வந்தார். ஒரு கையில் கூட்டுக் கடையின் ஒப்பந்தம், இன்னொரு கையில் அச்சடித்த விளம்பரத் தாள். தாள் நடுவில் என் மகளின் சீட்டு, பெரிதாக்கப்பட்டு. அதன் கீழே அவள் கையெழுத்து, அதுவும் பெரிதாக்கப்பட்டு.

"எங்கே நம்ம பார்ட்னர்?" என்றார்.

"லிஃப்ட் திறக்கப் போயிருக்கார்" என்றேன்.

மகள் விளம்பரத்தை வாங்கிப் பார்த்தாள். "இதை நிறுத்துங்க. பானெட் மூடியிருந்தா இந்த எண் வராது."

கூம்பார் சிரித்தார். "மேடம், எல்லாரும் திறந்து வெச்சுத்தான் டெஸ்ட் பண்றாங்க. உங்க சுவத்துலயே எழுதியிருக்கே. இது உங்க கையெழுத்துதானே? உங்க கையெழுத்தை நீங்களே தப்புன்னு சொல்லுவீங்களா?"

பேச்சுச் சத்தத்தில் நிலைய அதிகாரி வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, கூம்பாரின் தாளை, என் மகளை, தரையில் சிதறிக்கிடந்த வாளித் துண்டுகளை, பிறகு என்னை வரிசையாகப் பார்த்தார்.

"என்னம்மா நடக்குது இங்கே? சீட்டு சரிதானே?"

அவர் பின்னாலிருந்த அலமாரியில், இதே மாதிரிக் கூம்பு மாட்டிய கார்களுக்கு அவள் கொடுத்த சீட்டுகளின் நகல்கள் இருந்தன. நாற்பத்தொன்று என்று பிறகு எண்ணினாள். ஒன்றைத் தப்பு என்றால் அத்தனையையும் திறக்க வேண்டும். சரி என்று ஒரு தலையாட்டல் போதும், அலமாரி அப்படியே பூட்டியிருக்கும், என் வாளிக் கதையும் இன்னொரு புளுகாகப் போய்ச் சேரும். இந்த ஒரு முறை நான் வாயைத் திறக்கவில்லை.

என் மகள் பேனாவை எடுத்தாள். விளம்பரத் தாளில், தன் பெரிய கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கூம்பார் "ஐயையோ" என்றார்.

"சீட்டு தப்பு சார்" என்றாள். "பானெட்டைத் திறந்து வெச்சு அளந்தேன். மூடினா இந்தக் கூம்பு நாலு குதிரையைத் தின்னுடுது. மத்த சீட்டையும் நானே எடுத்துத் திரும்பப் பார்க்கறேன்."

"யாரு சொன்னா?"

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் என் கதைகள் சில தெரியும்.

"இவரா? எதை வெச்சுக் கண்டுபிடிச்சார்?"

மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். பல் பிடுங்கும்போதுகூட அவள் அப்படி விட்டதில்லை.

"கிரீம் வாளி சார். அதை வெச்சு அஞ்சு குதிரையைத் திரும்பக் கொண்டு வந்தார். மூணு தடவை ஓட்டினேன், கழட்டிட்டு ஓட்டினேன், மறுபடியும் மாட்டி ஓட்டினேன். வேற யாராவது வந்து சொன்னா நானே நம்ப மாட்டேன்." என் பக்கம் பார்க்காமல், கொஞ்சம் சத்தமாகவே முடித்தாள். "ஆனா நான் இங்கேதான் நின்னேன். நடந்துச்சு."